ஐந்து குழித் தட்டு

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டை வாசலில் நிற்கும் பாஞ்சாலையின் ஆட்டுக்கால் சூப்பு வண்டியில் ஒரு சட்டம் உண்டு. மிளகுத்தூள் டப்பாவை அவளைத் தவிர யாரும் தொடக்கூடாது. மல்லித்தழை, நெய்யில் வறுத்த சின்ன வெங்காயம், சீரகத்தூள், எலுமிச்சை மூடி எல்லாம் அவள் கைக்கு எட்டும் இடத்தில், அடுத்தவர் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கும். டம்ளரில் சூப்பை ஊற்றுவாள், ஆளை ஒரு பார்வை பார்ப்பாள், எது எவ்வளவு என்று அவளே போட்டு நீட்டுவாள். பார்சல் கட்டும் திருமாலுக்கு வெங்காயம் தூக்கலாக. சூளை பார்க்கும் பழமலைநாதனுக்கு எலுமிச்சை கூடாது, பல் கூசும். பெண்ணாடம் கரும்பு டிராக்டர்காரர்களுக்கு மிளகு இரண்டு கரண்டி. ஒருமுறை குடித்துவிட்டுப் போனவன் வருடம் கழித்து வந்தாலும் அவனுக்கு என்ன பிடிக்கும் என்பது அவளுக்கு மறக்காது.

"நான் போட்டுக் குடுக்கறத மொதல்ல குடி. நல்லா இல்லன்னா அப்பறம் கேளு" என்பாள். இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்கும் தைரியம் யாருக்கும் வரவில்லை என்பது வேறு விஷயம்.

இந்த ராஜ்ஜியத்துக்கு எதிர்சாரியில்தான், போன தை மாதம், சண்முகப்ரியா வந்து கடை போட்டாள். ரயில்வேயில் வேலை பார்க்கும் நந்தகுமாரைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தவள். அதற்கு முன், சைகோனிலிருந்து திரும்பிவந்த ஒரு குடும்பம் புதுச்சேரியில் நடத்தும் ஓட்டலில் ஆறு வருடம் அடுப்படியில் நின்றவள். தகரக் கொட்டகை, நாலு பெஞ்சு, 'வியட்நாம் நூடுல்ஸ் சூப்பு' என்று ஒரு பலகை. மத்தியானம் பன்னிரண்டுக்கே திறந்துவிடுவாள். பாஞ்சாலை வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவது நாலு மணிக்கு.

முதல் வாரம் பாஞ்சாலைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கோழி எலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவிட்டு, சுட்ட இஞ்சியும் அன்னாசிப்பூவும் பட்டையும் போட்டு, வடிகட்டி, வெறும் தண்ணீர் மாதிரி ஒரு சாறு. அதில் நாடா நாடாவாக அரிசி நூடுல்ஸ், மேலே நாலு துண்டு கோழிக்கறி. கருவாட்டு வாசத்தில் ஏதோ மீன் சாறு வேறு நாலு சொட்டு. மிளகாய்த்தூள் கிடையாது, தாளிப்பு கிடையாது. கிண்ணத்தை வைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு தட்டு வைப்பாள். அதில் ஐந்து குழி. ஒன்றில் முளைவிட்ட பயறு, ஒன்றில் பச்சை இலைகள், ஒன்றில் எலுமிச்சைத் துண்டு, ஒன்றில் வட்டமாக அரிந்த சிவப்பு மிளகாய், ஒன்றில் வறுத்த வெங்காயமும் பொடித்த வேர்க்கடலையும். அவ்வளவுதான். "உங்களுக்கு வேணுங்கறதப் போட்டுக்கங்கண்ணே" என்று சொல்லிவிட்டு அவள் போய்விடுவாள்.

"அரகொறையா ஆக்கி வச்சுட்டு மிச்சத்த நீயே பண்ணிக்கன்னா அதுக்கு எதுக்குக் கட? வூட்லயே ஆக்கித் தின்னுட்டுப் போவலாமே" என்றாள் பாஞ்சாலை.

"அதாங்க்கா கேட்டன்" என்றான் திருமால். அவன் எந்தப் பக்கம் நிற்கிறானோ அந்தப் பக்கத்துக்கு ஆமாம் போடுகிறவன்.

தொடக்கத்தில் தொழிற்பேட்டை ஆட்களுக்கும் அந்தத் தட்டு பிடிபடவில்லை. ஒருவர் பயறை முதலில் தின்றுவிட்டு, தட்டு காலி, இன்னும் கொஞ்சம் வையுங்கள் என்றார். ஒருவர் மிளகாயை வெள்ளரிக்காய் என்று நினைத்து மென்றுவிட்டு அரை குடம் தண்ணீர் குடித்தார். பழமலைநாதன் அந்த இலையைத் துளசி என்று நினைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு காதில் செருகிக்கொண்டார். ப்ரியா ஒவ்வொருவர் பக்கத்திலும் நின்று சொல்லிக்கொடுத்தாள். பயறை அடியில் தள்ளுங்கள், சூட்டில் வெந்துவிடும். இலையைக் கையால் கிள்ளிப் போடுங்கள், கத்தி பட்டால் வாசம் போய்விடும். எலுமிச்சையைக் கடைசியில் பிழியுங்கள்.

பத்தே நாளில் அத்தனை பேரும் நிபுணர்கள் ஆகிவிட்டார்கள். சூப்புக் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு போகிற ஆட்கள், இப்போது பாதி இலையை முதலிலும் பாதியைக் கடைசியிலும் போடுவதா, மொத்தமாகப் போடுவதா என்று பஸ் நிறுத்தம்வரை சண்டை போட்டுக்கொண்டு போனார்கள். சேத்தியாத்தோப்பு பஸ்ஸை ஒருவர் இதனாலேயே விட்டார். பாஞ்சாலையின் வண்டியைச் சுற்றி நிற்கும் கூட்டம் இளைத்துக்கொண்டே போனது. வந்தவர்களும் டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு கண்ணை எதிர்சாரியில் வைத்தார்கள்.

வயிறு எரிந்தது அவளுக்கு. அதை ஒத்துக்கொள்ளாமல் மூன்று நாள் இருந்தாள். நாலாம் நாள் அவளும் ஒரு தட்டு வைத்துவிட்டாள்.

எவர்சில்வர் தட்டுதான். பச்சைப்பயறு ஊறவைத்து முளைகட்டினாள். ஆனால் அதைப் பச்சையாக வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. பச்சைப் பயறைத் தின்ன மனிதன் என்ன மாடா? கடுகு, கறிவேப்பிலை தாளித்து, தேங்காய்த் துருவலும் போட்டு வைத்தாள். வந்தவர்கள் அது சுண்டல் என்று எடுத்துத் தின்றார்கள். நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார்கள். "சூப்புல எதுக்குக்கா சுண்டலக் கொட்டணும்?" என்று கேட்டான் திருமால்.

அது போகட்டும். "வேணுங்கறத நீங்களே போட்டுக்கங்க" என்று அவள் வாய் சொன்னதை நம்பி, பழமலைநாதன் மிளகுத்தூள் டப்பாவை எடுக்கக் கை நீட்டினார். அடுத்த நொடி பட்டென்று ஒரு சத்தம். பாஞ்சாலை அவர் புறங்கையில் அடித்திருந்தாள். அடிக்க வேண்டும் என்று அவள் நினைக்கவே இல்லை. கை தானாகப் போய்விட்டது. ஐம்பத்தெட்டு வயது மனிதர் அடி வாங்கிய பிள்ளை மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அன்றைக்கே அந்த எவர்சில்வர் தட்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டது.

சிரித்துவிட்டு விடலாம்தான். ஆனால் அன்று சாயங்காலம் திருமால் இன்னொன்றும் சொன்னான்.

"அந்தக் கடைக்குப் புதுசா வந்திருக்கற கிண்ணமும் தட்டும் பாத்தியாக்கா? தட்டு நடுவுல எல அச்செல்லாம் போட்டு. கையில எடுத்தா வைக்க மனசு வரல. அண்ணன் கையில எதோ இருக்குது."

"எந்த அண்ணன்?"

"நம்ம கொளஞ்சி அண்ணன்தான். வேற யாரு?"

கொளஞ்சிநாதன் பாஞ்சாலையின் புருசன். நடராசன் முதலாளியின் பீங்கான் கம்பெனியில் அச்சு வேலை. குழைத்த மண்ணை அச்சில் ஊற்றி வார்த்து, காய்ந்ததும் விளிம்பைச் செதுக்கி, ஈரத்துணியால் துடைத்து சூளைக்கு அனுப்புகிறவன். பொம்மை, விளக்கு, ஜாடி என்று அவன் கை பட்டுப் போன சரக்கு எந்தெந்த ஊரிலோ இருக்கிறது. அதிகம் பேசமாட்டான். பாஞ்சாலை இரண்டு ஆளுக்கான பேச்சைப் பேசுவதால் அந்தக் குறை வீட்டில் தெரிந்ததில்லை. கட்டிக்கொண்டு இருபத்திரண்டு வருடம். இத்தனை வருடத்தில் அவன் கம்பெனியிலிருந்து அவளுக்கென்று வந்தது, சூளையில் வெடித்த ஓர் உண்டியலும் ஒரு காது இல்லாத யானையும்தான். அவள் சூப்பு ஊற்றுவது இன்றைக்கும் நசுங்கிய எவர்சில்வர் டம்ளரில்.

அன்றைக்கு வண்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்ததுமே, வாசல் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தவனைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, எதிர்க்கடக் கிண்ணம் நீங்க வார்த்ததா?"

"ஆமா. மொதலாளி ஆர்டர் எடுத்தாரு."

"அஞ்சு குழித் தட்டும்?"

"அதுவுந்தான்."

"நடுவுல எதோ எல அச்சு இருக்குதாமே. அதப் போடச் சொன்னது யாரு, மொதலாளியா?"

கொளஞ்சிநாதன் கழுவிய கையையே மறுபடி கழுவினான். "அது சும்மா. வெறுந்தட்டா இருந்துது. நல்லாருக்குமேன்னு போட்டன்."

சும்மா. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு பாஞ்சாலை அன்று தூங்கவில்லை. கூலிக்குச் செய்தான் என்றால் போகிறது. ஆர்டரில் இல்லாததை ஒரு பெண்ணின் கடைத் தட்டில் சும்மா போடுகிறவன், தன் பெண்டாட்டிக்குச் சும்மாகூட ஒரு கிண்ணம் செய்யத் தோன்றாதவன். பொறாமை என்றால் பொறாமைதான். இனி அவள் அதற்கு வேறு பெயர் வைக்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் கண்ணுக்கு எல்லாமே தெரிய ஆரம்பித்தது. தினமும் வண்டியைக் கட்டும்போது கடைசி டம்ளர் சூப்பு அவனுக்கு. மண் தூசியில் நாளெல்லாம் நிற்கிற நெஞ்சு என்று, எந்த டிராக்டர்காரனுக்கும் போடாத அளவு மூன்று கரண்டி மிளகு போட்டு எடுத்துக்கொண்டு வருவாள். கொஞ்ச நாளாக அதில் பாதி அப்படியே கிடந்தது. "வவுறு நெறஞ்சிருக்குது" என்றான். எதைத் தின்று நிறைந்தது? சாப்பாட்டுத் தூக்கு மட்டும் தினமும் துடைத்துவிட்டது போல் காலியாகத்தான் வந்தது. சட்டையை மோந்தால் அன்னாசிப்பூ வாசம் அடித்தது. ப்ரியாவுக்கு முப்பது வயது இருக்கும். சிரித்தால் கன்னத்தில் குழி விழும். ஐந்து குழி போதாதென்று அது வேறு.

இதற்கு நடுவில் பாஞ்சாலைக்குக் கண்ணம்மாளோடு ஒரு சண்டை. கண்ணம்மாள் பக்கத்து வீடு. ஆடு வளர்க்கிறவள். பாஞ்சாலை வீட்டுப் பின்னால் துணி துவைக்கிற கல் ஓரமாக துளசி ஜாதியில் ஒரு திருநீற்றுப்பச்சிலைச் செடி நின்றது. சேத்தியாத்தோப்பு சந்தையில் ஒரு கன்றாக வாங்கிவந்து அவளே நட்டது. சோப்புத் தண்ணீர் படாமல் தனியாகப் பாத்தி கட்டி, நல்ல தண்ணீர் ஊற்றி வளர்த்தது. காது வலிக்கு இரண்டு சொட்டு, கட்டிக்குப் பற்று, மற்றபடி போகிற வருகிற போது கிள்ளி மோந்து பார்த்துக்கொள்வாள். அந்தச் செடி மொட்டையாகிக்கொண்டே போனது.

"ஒன் ஆட்டக் கட்டி வைடி! எஞ்செடி பாதி காணும்."

"எந்த ஆடுடி அந்த எலயத் தின்னும்?" என்றாள் கண்ணம்மாள். "மோந்துகூடப் பாக்காது. வேணும்னா புடிச்சாந்து கட்டறன். ஒரு வாய் தின்னுச்சுன்னா ஆட்ட நீயே வச்சுக்க."

சொன்னபடியே பிடித்துவந்தாள். ஆடு செடியைப் பார்த்தது, தும்மியது, திரும்பி பாஞ்சாலையின் முந்தானையைத் தின்ன ஆரம்பித்தது. அப்போதுதான் பாஞ்சாலை குனிந்து செடியைச் சரியாகப் பார்த்தாள். கடித்த இடம் எதுவும் இல்லை. ஒவ்வொரு கொத்தும் கணுவுக்கு மேலே நகத்தால் அளவாகக் கிள்ளியிருந்தது. பச்சை மண் விளிம்பைப் பார்த்துப் பார்த்துச் செதுக்குகிற நகம்.

மறுநாள் காலை அடுப்படி ஜன்னலில் நின்று பார்த்தாள். கொளஞ்சிநாதன் பல் விளக்கிவிட்டு, கல் ஓரமாக உட்கார்ந்து, கொத்துக் கொத்தாகக் கிள்ளி, ஈரத்துணியில் சுற்றி, சாப்பாட்டுப் பையில் தூக்குக்கு மேலே அலுங்காமல் வைத்தான். மல்லிகைப்பூ வாங்கிவந்தால்கூட பொட்டலத்தை மாடத்தில் போட்டுவிட்டுப் போகிற மனிதன்.

தட்டில் இருந்த இலை எந்த இலை என்று அவளுக்கு இப்போது யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் 'சும்மா' என்பான். அந்தச் சொல்லை இன்னொருமுறை கேட்டால் கையில் இருக்கிற கரண்டி எங்கே போகும் என்று அவளுக்கே தெரியாது.

அன்று சாயங்காலம் திருமால் வெங்காயம் தூக்கலாகப் போட்ட சூப்பைக் குடித்துக்கொண்டே, நல்லது சொல்வதாக நினைத்துச் சொன்னான். "நேத்து கருவாட்டுக் கொழம்பு அமக்களம்க்கா. மாங்கா போட்டிருந்த பாரு, அதான்."

பாஞ்சாலையின் கை கரண்டியோடு நின்றது. நேற்று அவள் கருவாட்டுக் குழம்பு கட்டிக்கொடுத்தது ஒரே ஒருவனுக்கு.

"நீ எங்கடா தின்ன எங் கொழம்ப?"

திருமாலுக்குப் புரை ஏறியது. டம்ளரை வைத்துவிட்டு, பஸ் வந்துவிட்டது என்றான். பஸ் எதுவும் வரவில்லை.

மறுநாள் பன்னிரண்டரை மணிக்கு, எலும்பு வேகிற அடுப்பை அணைத்துவிட்டு, பாஞ்சாலை மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். திருநீற்றுப்பச்சிலையை வேரோடு, மண்ணோடு பெயர்த்தாள். பழைய பெயிண்ட் வாளி ஒன்றில் வைத்தாள். புடவை மாற்றவில்லை, தலை வாரவில்லை. வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு வெயிலில் நடந்தாள். கண்ணம்மாள் வேலிப்பக்கம் வந்து எங்கே போகிறாய் என்று கேட்டாள். "ஆட்டப் பாக்கப் போறன். ரெண்டு கால் ஆட்ட" என்றாள் பாஞ்சாலை.

ப்ரியாவின் கொட்டகைக்குப் பக்கவாட்டில் தகரம் கொஞ்சம் விலகியிருக்கும். நேரே உள்ளே போகத்தான் வந்தாள். அந்த இடைவெளியில் புருசனின் முதுகு தெரிந்ததும் கால் நின்றுவிட்டது. என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டே போகலாம்.

கொளஞ்சிநாதன் ஓரத்துப் பெஞ்சில் தனியாக இருந்தான். ப்ரியா தள்ளி அடுப்போரம் யாருக்கோ நூடுல்ஸ் வடித்துக்கொண்டிருந்தாள், அவன் பக்கம் திரும்பக்கூட இல்லை. அவன் எதிரில் கிண்ணம், பக்கத்தில் தட்டு. அவன் உடனே குடிக்கவில்லை. ஐந்து குழியையும் ஒரு சுற்றுப் பார்த்தான். இரண்டு விரலால் பயறை எடுத்து அடியில் தள்ளினான். வேர்க்கடலையை ஒரு கை அள்ளினான், கொஞ்சம் யோசித்து இன்னும் ஒரு கை. மிளகாய்க் குழியைத் தட்டோடு திருப்பி மறுபக்கம் தள்ளிவிட்டான். இலையைக் கிள்ளி, மோந்து, போட்டான். கடைசியில் எலுமிச்சையைப் பிழிந்துவிட்டு, விரலை நக்கிக்கொண்டு, தானாக ஒரு சிரிப்பு சிரித்தான்.

மிட்டாய்க் கடையில் நிற்கிற பிள்ளையின் முகம். இருபத்திரண்டு வருடத்தில் அவள் பார்க்காத முகம்.

அவனுக்கு வேர்க்கடலை பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியாது. காரம் ஆகாது என்று தெரியாது. பெண்ணாடம் டிராக்டர்காரன் நாக்குத் தெரியும், பழமலைநாதன் பல் தெரியும். அவளுக்குப் பகீரென்றது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. அவள் மாதக்கணக்கில் ப்ரியா மேல் பட்ட பொறாமை எல்லாம் திரும்பி அந்தத் தட்டின் மேல் விழுந்தது. மண்ணில் செய்து சூளையில் சுட்ட ஒரு தட்டு, அவள் புருசனைப் பற்றி அவளைவிட அதிகம் தெரிந்து வைத்திருக்கிறது.

உள்ளே போனாள். வாளியை அவன் எதிரில் பெஞ்சின் மேல் டங்கென்று வைத்தாள்.

கோபம் வந்தால் பாஞ்சாலையின் பேச்சில் 'ங்க' கழன்றுவிடும். "என்னாய்யா, ருசியா இருக்குதா?"

கொளஞ்சிநாதன் எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான்.

"நான் அடுப்புல வெந்து கட்டிக் குடுத்த சோத்த திருமாலுக்குப் போட்டுட்டு, எஞ்செடிய எனக்குத் தெரியாமக் கிள்ளியாந்து, இங்க ஒக்காந்து நக்கிக்கிட்டு இருக்கற. கிண்ணம் வார்த்துக் குடுக்கற, தட்டுல எல போட்டுக் குடுக்கற. எனக்கு என்ன குடுத்த நீ? ஒத்தக் காது ஆன!"

ப்ரியா கரண்டியோடு ஓடிவந்தாள். "அக்கா, நீங்க நெனைக்கற மாதிரி எதுவும் இல்லக்கா. புதுச்சேரிலேர்ந்து வர்ற எல வாடிப் போவுதுன்னு ஒருநாள் பொலம்பிட்டு இருந்தன். அண்ணன் மோந்து பாத்துட்டு, இது எங்க வூட்லயே இருக்குதேன்னாரு. காசு குடுத்தா வாங்கல. ஒரு கிண்ணம் சூப்பு போதும்னாரு."

"நீ சும்மா இரு. ஒங்கிட்ட நான் பேசல." ப்ரியாவிடம் பேசினால் கோபம் குறைந்துவிடும் போல் இருந்தது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை. "நீ சொல்லுய்யா. எஞ்சூப்புல என்ன கொற? ஊரே குடிக்குது. ஒனக்கு மட்டும் எறங்கல."

பெஞ்சுகளில் இருந்த நாலைந்து பேரும் அவரவர் கிண்ணத்தைப் பார்த்தார்கள். கொளஞ்சிநாதன் தரையைப் பார்த்துச் சொன்னான்.

"மொளகு."

"என்னா?"

"எனக்கு மொளகு ஆவாது பாஞ்சாலை. நாக்கெல்லாம் புண்ணாப் போவுது. தெனம் மூணு கரண்டி போடற."

"இருவத்திரெண்டு வருசமா சொல்லாம இன்னைக்கிச் சொல்றியா?"

"நீ கேக்கல" என்றான். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. "இந்தப் பொண்ணு தட்ட வச்சிட்டு, ஒங்களுக்கு என்ன வேணும்னு கேட்டுச்சு. மொத நாளு எனக்கு ஒண்ணுமே சொல்லத் தெரியல. அப்பிடி யாரும் கேட்டதில்ல."

பாஞ்சாலைக்கு வாய் வரை ஒன்று வந்தது. நெஞ்சுக்கு நல்லது என்றுதான் போட்டேன். அது பொய்யும் இல்லை. அதை விழுங்கிக்கொண்டு, அவன் எதிரில் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். வெயிலில் வந்ததில் செடி தலையைத் தொங்கப் போட்டிருந்தது.

ப்ரியா ஒன்றும் கேட்காமல் ஒரு கிண்ணம் சூப்பைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தாள். மேலே மல்லித்தழை தூவியிருந்தது. பக்கத்தில் ஒரு தட்டு. "நீங்களே போட்டுக்கங்கக்கா."

பாஞ்சாலை கையை நீட்டினாள். பயறுக்குப் போன கை எலுமிச்சைக்குப் போனது, அங்கிருந்து வெங்காயத்துக்கு. எதிலும் இறங்கவில்லை. ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் போட்ட கை, தனக்கு என்ன போடுவது என்று தெரியாமல் தட்டுக்கு மேலேயே நின்றது.

அப்போது கொளஞ்சிநாதன் அவள் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். முதலில் கரண்டியால் மல்லித்தழையை ஒன்று விடாமல் எடுத்துத் தன் கிண்ணத்தில் போட்டுக்கொண்டான். பிறகு சிவப்பு மிளகாயைத் தாராளமாக. எலுமிச்சை இரண்டு துண்டு. வறுத்த வெங்காயத்தில் கருகியதாகப் பார்த்துப் பொறுக்கிப் போட்டான். இலையைக் கிள்ளி மேலே வைத்து, அவள் பக்கம் தள்ளினான்.

பாஞ்சாலைக்கு மல்லித்தழை வாசமே ஆகாது. சின்ன வயதிலிருந்து ஆகாது. இருபத்திரண்டு வருடமாக அடுத்தவர் டம்ளரில் எல்லாம் அள்ளி அள்ளித் தூவியிருக்கிறாள், தன் டம்ளரில் தூவியதில்லை. அதை அவள் யாரிடமும் சொன்னதும் இல்லை. வெங்காயம் வறுக்கும்போது அடியில் கருகியதைத்தான் அவள் வாயில் போட்டுக்கொள்வாள். அதையும் யாரும் பார்த்ததாக அவள் நினைத்ததில்லை.

குடித்தாள். காரம் ஏறி, புளிப்பு ஏறி, அந்த இலையின் சோம்பு வாசம் மூக்கில் ஏறி, கண்ணில் தண்ணீர் வந்தது. மிளகாய் என்று யாரும் நினைத்துக்கொள்ளட்டும். நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருந்தது என்பதே எரிச்சலாகவும் இருந்தது.

கிண்ணத்தைக் காலி செய்துவிட்டுத்தான் ப்ரியாவைப் பார்த்தாள். "செடிய இங்கயே வச்சுக்க. வேர்ல மட்டும் தண்ணி ஊத்து, எலயில படக்கூடாது. பொழச்சுக்கும்."

"அப்ப நாளைக்கு நான் எதக் கொண்டாறது?" என்றான் கொளஞ்சிநாதன்.

"ஒண்ணும் கொண்டார வேணாம். தின்னா எல்லாரு மாதிரியும் காசக் குடுத்துத் தின்னுட்டுப் போங்க. மத்தியானச் சோறு யாருக்குப் போவுதுன்னு நான் திருமாலக் கேட்டுக்கறன்."

'ங்க' திரும்பி வந்திருப்பதை அவன் கவனித்தான். பாஞ்சாலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். காலித் தட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஐந்து குழிக்கு நடுவில், பச்சை மெருகுக்கு அடியில், அவள் வீட்டுச் செடியின் இலை நரம்பு நரம்பாகப் படிந்திருந்தது. நல்ல வேலை. அதில் பொய் சொல்ல முடியாது.

"எனக்கும் ஒண்ணு வேணும்" என்றாள். "சும்மாதான். ஆர்டர்லாம் இல்ல. இதவிடப் பெருசா இருக்கணும். ஆறு குழி."

"சூப்புக்கு எதுக்கு ஆறு?" என்றான் அவன். "வெங்காயம், மல்லி, சீரகம், எலுமிச்சை. நாலுதான ஆவுது?"

"அஞ்சாவதுல வேர்க்கடல."

"ஆறாவதுல?"

பாஞ்சாலை தட்டைப் பெஞ்சில் வைத்தாள். சொல்லிவிட்டு நிற்க அவளுக்கு இஷ்டம் இல்லை, வாசல்வரை போய்விட்டாள். அங்கிருந்து, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

"மொளகு. வேணுங்கறவங்க போட்டுக்கட்டும்."